ஒருபோதும் இல்லை

"சட்டுன்னு கோபம் வருமான்னு கேக்கறதுக்கும் என் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம், சொல்லும்மா," என்றார் கிரேன் ஓட்டுநர்.

"வயித்த எக்காதீங்க அண்ணே. மூச்ச விடுங்க," என்றாள் நர்ஸ், அளவு நாடாவைப் பிடித்தபடி.

விட்டார். நாடா நாலு விரற்கடை நீண்டது.

கம்பெனி மருத்துவப் பரிசோதனை அறையில் கொடுத்த கேள்வித்தாளை அவர் மறுபடி திருப்பிப் பார்த்தார். ரத்தம் எடுக்கட்டும், எடை பார்க்கட்டும். குணத்தைப் பற்றி இருபது கேள்வி எதற்கு? படபடப்பும் அவசரமும் உள்ளவர்களுக்கு இடுப்புச் சதையும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கூடுதலாக இருக்கிறதா என்று பார்க்கிறார்களாம். தாள் நிர்வாகத்துக்குப் போகாதாம். நர்ஸ் சொன்னாள். போன வருடப் பரிசோதனை முடிந்த கையோடு இரண்டு பேரைக் கிரேனிலிருந்து இறக்கிக் கிடங்கில் உட்கார வைத்ததை அவள் சொல்லவில்லை. அறுபதடி உயரத்துக் கிரேன் கூண்டு பதினெட்டு வருடமாக அவருடையது.

பேனாவை வாங்கி, 'ஒருபோதும் இல்லை' கட்டங்களில் மேலிருந்து கீழாக விறுவிறுவென்று டிக் அடித்தார். கோபமா? இல்லை. ஒளித்துத் தின்பதா? இல்லவே இல்லை. இரண்டே நிமிடம்.

நர்ஸ் படித்தாள். "பதினொண்ணு, எடுத்த வேலையை முடிப்பேன். அதுவும் ஒருபோதும் இல்லையா அண்ணே?"

"அவசரத்துல..." என்று தொடங்கியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வீட்டார் ஒருவர் அவரைப் பற்றித் தனியாக இன்னொரு தாள் நிரப்ப வேண்டுமாம். அறைக் கோடியில் மனைவி அதை மடியில் வைத்திருந்தாள். ஒவ்வொரு கேள்வியையும் நிதானமாகப் படிப்பாள், அவரை ஏற இறங்கப் பார்ப்பாள், பிறகு டிக். துவைக்கும்போது அவர் சட்டைப்பையிலிருந்து பிஸ்கட் உறை எடுக்கிறவள். சாப்பாட்டுத் தட்டு பறந்த நாளெல்லாம் பொறுக்கிப் போட்டவள்.

அவர் கையில் ரத்த அழுத்தக் கருவியின் பட்டை இறுகியது. எண் ஏறியது.

"மனசுல என்ன ஓடுது? அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி பாக்கலாம்," என்றாள் நர்ஸ்.

டிக் அடித்து முடித்த பிறகும் மனைவியின் பேனா நிற்கவில்லை. தாளின் அடியில் வரிவரியாக எழுதிக்கொண்டே போனாள். எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லையே! போன வாரம் கூண்டு ஏணியில் தனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்ததை அவர் அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார்.

அவள் தாளை மடித்து உறையிலிட்டு ஒட்டினாள். தாள்களைப் போடும் கதவோரத்துப் பெட்டியை நோக்கி நடந்தாள். அவர் பட்டையும் குழாயுமாக எழுந்தார்.

"இங்க பாரு," என்றார் அவள் முதுகிடம். "அதப் போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ எங்கிட்ட காட்டு."