ஷாஷில் வடிகட்டிய டீசல்

இரண்டாவது வளைவில் வண்டி மறுபடியும் நின்றது. பின்னால் மூட்டை மூட்டையாக ஆலிவ் காய், மேலே ஊரில் செக்கு. சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்னால் போய்ச் சேராவிட்டால் என் முறை அடுத்தவருக்குப் போய்விடும். அந்த அடுத்தவர் வேறு யாருமில்லை, என் புருஷனின் அண்ணன் பெல்காசெம்தான்.

ஓடையோரத் தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் என் பிக்கப்பில்தான் காய் ஏற்றுகிறார்கள். இன்றைக்கு முறை தவறினால் நாளைக்கே மூட்டைகள் பெல்காசெமின் வண்டிக்கு மாறிவிடும். அதற்குத்தான் மனுஷன் ஆண்டுக்கணக்காக வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கிறார். என் புருஷன் இருப்பது பிரான்ஸில். போன் போட்டால் "அண்ணன் சொல்றதைக் கேளு" என்பதைத் தவிர அவனுக்கு வேறு வார்த்தை வராது.

பக்கத்து வீட்டு தலீலா குதித்திறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தாள்.

"கம்ரா, உன் வண்டி நல்லா மலையேறி வந்து காத்து வாங்குதுடி!"

"வாயை மூடு. காத்து வாங்குதா இல்லையான்னு இப்பப் பாத்துடறேன்."

பானெட்டைத் தூக்கினேன். ஒரு வாரமாகவே இந்தக் கூத்துதான். சமதரையில் குதிரை மாதிரி ஓடும், ஏற்றம் வந்தால் மூச்சு முட்டி நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஓய்வெடுத்தால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஸ்டார்ட் ஆகும். எனக்கு எரிச்சலாக வந்தது.

அதற்குள் கீழேயிருந்து ஹார்ன் சத்தம். பெல்காசெம்தான், கழுகுக்கு மூக்கில் வேர்த்தது போல வந்துவிட்டார். பக்கத்தில் மெக்கானிக் லசார் வேறு. இறங்கும்போதே பெல்காசெம் தலையில் சுற்றியிருந்த வெள்ளை ஷாஷைச் சரிசெய்துகொண்டார். எங்கள் பக்கத்து ஆண்களுக்கு அந்தத் தலைத்துணிதான் மானம், மரியாதை எல்லாம்.

"என்ன கம்ரா, கிழம் படுத்துக்கிச்சா?"

"யாரைச் சொல்றீங்க மச்சான்? வண்டியையா?"

தலீலா வாயைப் பொத்திக்கொண்டாள். லசார் எட்டிப் பார்த்தார். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"பம்ப் போச்சு."

"தொடாமலே தெரிஞ்சிடுச்சா லசார் அண்ணே? கண்ணுல என்ன எக்ஸ்ரேயா வெச்சிருக்கீங்க?"

"ஏற்றத்துல நிக்குதுன்னா பம்ப்தான்" என்றார் பெல்காசெம். "மூட்டையை என் வண்டிக்கு மாத்து. இதைப் பழைய இரும்புக்குப் போட்டுடலாம். தம்பிகிட்ட நான் பேசிக்கறேன்."

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. என் அப்பா வாங்கிக் கொடுத்த வண்டி இது. புருஷனோடு குடித்தனம் நடத்தியதைவிட இதோடு நடத்தியதுதான் அதிகம்.

"என் மூட்டை மேல எவனாவது கை வெச்சா, கை இருக்கும், விரல் இருக்காது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

ஃபில்டருக்கு மேலே இருக்கும் கைப்பம்பை அழுத்தினேன். உள்ளே போனது அப்படியே கிடந்தது. அமுக்கினால் துள்ளி எழ வேண்டும், எழவில்லை. பக்கத்துத் திருகைத் தளர்த்திப் பார்த்தேன். கசிந்த கொஞ்சம் டீசலில் ஒரு குமிழிகூட இல்லை. அப்படியென்றால் எங்கேயும் காற்று நுழையவில்லை. டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்குமோ என்று அதைத் திறந்து வைத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். அப்போதும் எழவில்லை. ஆக மூடியும் குற்றவாளி இல்லை. எஞ்சின் உறிஞ்சுகிறது, ஆனால் டேங்கிலிருந்து வரும் வழியில் எதுவோ தொண்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது.

"தலீலா, அந்த நீலக் கேனை எடு."

அந்தக் கேன் என் சொந்த ஏற்பாடு. எல்லைப் பக்கமிருந்து வரும் அழுக்கு கலந்த டீசலை நான் எந்தத் துணியிலும் வடிகட்டுவதில்லை. மூலையில் அசையாமல் வைத்து, அடியில் மண்டி தங்கியபின் மேலாகத் தெளிந்ததை மட்டும் குழாய் போட்டு எடுப்பேன். ஆண்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்கள் புனலின் மேல் ஷாஷை விரித்து ஊற்றுவார்கள். "ஆம்பளை தலையில சுத்துனது அழுக்கை உள்ள விடாது" என்று ஒரு பழமொழி வேறு.

டேங்கிலிருந்து ஃபில்டருக்கு வரும் குழாயைப் பிடுங்கினேன். அதன் வாயில் வெள்ளையாக ஒரு கொத்து நூல், தலைமுடிச் சிக்கு போல ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன், அது பாட்டுக்கு நீண்டுகொண்டே வந்தது. கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பெல்காசெமின் தலையைப் பார்த்தேன். ஷாஷின் ஓரம் இற்றுப்போய் நூல் நூலாகத் தொங்கியது.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்கு என் வண்டியை இரவல் வாங்கியது இவர்தான். இரவல் வண்டியை டேங்க் நிரப்பித்தான் திருப்பித் தர வேண்டும் என்பது எங்கள் முறை. முறை தவறாத மனிதர், நிரப்பித்தான் தந்தார்.

"மச்சான், உங்க தலையில இருந்தது என் வண்டித் தொண்டையில கிடக்கு. பாருங்க."

"போடி! எங்க அப்பா காலத்துலேருந்து இதுலதான் ஊத்தறோம்."

"அப்ப இதே துணியில்லையே. இது நைஞ்சு போச்சு. உங்க வண்டியும் இதுலதானே குடிக்குது? எதுக்கும் பாத்துக்கங்க."

"பொம்பளைக்கு ஸ்டீயரிங்கைக் குடுத்தா இப்படித்தான்" என்று லசாரைப் பார்த்துச் சொன்னார். லசார் அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேனுக்குள் ஒரு குழாயை விட்டு ஃபில்டரில் மாட்டினேன். எஞ்சினிலிருந்து டேங்குக்குத் திரும்பும் குழாயையும் கேனுக்கே திருப்பினேன். கைப்பம்பை அழுத்தினேன். இப்போது அது குழந்தை மாதிரித் துள்ளித் துள்ளி எழுந்தது. கொஞ்ச நேரத்தில் கல்லாக இறுகிக்கொண்டது. பிஸ்மில்லா சொல்லிச் சாவியைத் திருகினேன், அரைச் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"பம்ப் போச்சுன்னாங்களே அண்ணே! எங்க போச்சு, கல்யாணத்துக்கா?" என்று தலீலா கூவினாள்.

கேனைத் தலீலா மடியில் வைத்துக்கொண்டாள், குழாய்கள் ஜன்னல் வழியாக பானெட்டுக்குள் போயின. "பெத்த புள்ளையைக்கூட இப்படிப் பிடிச்சதில்லடி, நாத்தம் குடலைப் புரட்டுது" என்று வழியெல்லாம் திட்டினாள். எனக்கோ சிரிப்பு தாங்கவில்லை. மூன்றாவது வளைவில் நான் செத்து விழுவதைப் பார்க்கப் பெல்காசெம் பின்னாலேயே வந்தார்.

வளைவில் கியரை இறக்கினேன். மூட்டைகள் அத்தனையும் பின்னால் இழுக்க, வண்டி முனகிக்கொண்டே ஏறியது. நிற்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வந்த வண்டியைக் காணோம். கீழே, பாதி வளைவில் பெல்காசெம் நின்றுவிட்டார். சாவியைத் திருகும் சத்தம் மலையெல்லாம் எதிரொலித்தது.

ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன். "மச்சான்! பம்ப் போச்சா?"

அவர் சாவியை இன்னும் ஓங்கித் திருகினார்.

செக்கு வாசலில் பெண்கள் காத்திருந்தார்கள். அஸர் பாங்கு சொல்லும்போது கடைசி மூட்டையையும் இறக்கிவிட்டோம், என் முறை எனக்கே நின்றது. தலீலா வளைவில் நடந்ததை ஒன்றுக்குப் பத்தாகச் சொன்னாள். வாசலே சிரித்தது.

பிறகு கயிற்றை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். ஆயிரம் இருந்தாலும் சொந்தம், மலையில் விட்டுவிட்டா போக முடியும்? என்னோடு நாலைந்து பெண்கள் வேடிக்கை பார்க்க வண்டியில் தொற்றிக்கொண்டார்கள்.

பெல்காசெம் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கயிறு கட்டு" என்றார்.

"கட்டறேன். அதுக்கு முன்னால அந்த ஷாஷைக் கழட்டிக் குடுங்க."

"என்னது? இத்தனை பொம்பளைங்க முன்னாலயா?"

"என் வண்டியைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னப்ப எத்தனை பேர் இருந்தாங்கன்னு பாத்தீங்களா? இனிமே அது எந்தப் புனல் மேலயும் விழக் கூடாது."

காற்று வீசியது. லசார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பெல்காசெம் என் கையிலிருந்த கயிற்றையும் மேலே போகும் பாதையையும் பார்த்தார். அப்புறம் சுற்றுச் சுற்றாக அவிழ்த்து என் கையில் போட்டார். அவர் தலை பாதி வழுக்கை என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

டீசலும் கிரீஸுமாக இருந்த என் இரண்டு கைகளையும் அதிலேயே துடைத்துக்கொண்டு, குனிந்து கயிற்றைக் கட்டினேன்.