பதினேழாவது கண்ணாடி

தொழிற்சாலை ஸ்டோரில் பெட்டியைத் திறந்து எண்ணினாள். இருபத்தொன்று. மறுபடி எண்ணினாள், கண்ணாடி குட்டி போடுவதில்லை, இருபத்தொன்றேதான். பதினேழாவதைக் காணோம்.

அவளுடைய கம்பெனியில் மொத்தம் ஒன்பது பேர். காது மெஷினுக்குள் போகும் சிப்பை வரைவார்கள். செய்யக் கை கிடையாது. பதினொரு வருஷமாக அந்தக் கை இந்தத் தொழிற்சாலைதான். அவள் வரைந்ததை இருபத்திரண்டு கண்ணாடித் தகடுகளில் பதித்து இங்கேயே வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் வழியாகவும் வெளிச்சம் பாய்ச்சினால்தான் சிப் பிறக்கும். இப்போது தொழிற்சாலை தன்னையே துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்தது. முந்தாநாள் மாடிப்படி போனது; மேலாளர் இன்னும் மேலேதான் இருக்கிறார், சாப்பாடு கூடையில் கயிறு கட்டிப் போகிறது. வெள்ளிக்கிழமை உலைகள் போகும். அதற்குள் கடைசியாக ஒரு தடவை சிப் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். புதிய தகடு பதிக்க மூன்று மாதமாகும். ஒன்று குறைந்தாலும் ஒன்பது பேரும் வீட்டைப் பார்த்துப் போக வேண்டியதுதான்.

"விக்கிற சாமான் பட்டியல்ல 'கண்ணாடி, பலவகை'ன்னு போட்டிருந்துச்சு மேடம்," என்றார் ஸ்டோர் கீப்பர், தன் செருப்பைப் பார்த்தபடி. "எங்க வீட்டு ஜன்னல்ல ஒரு சதுரம் உடைஞ்சிருந்துச்சு. அளவெடுத்த மாதிரி உக்காந்துடுச்சு."

"என் நாலு வருஷ உழைப்பு உங்க ஜன்னல்லயா இருக்கு?"

"மழைக்கு ஒழுகவே இல்ல மேடம். நல்ல சரக்கு."

வீடு இரண்டு தெரு தள்ளி. காலை வெயில் அந்தச் சதுரத்தில் புகுந்து எதிர்ச்சுவர் முழுக்க ஓர் ஊரை விரித்திருந்தது. வானவில் நிறத்தில் தெருக்கள், சந்துகள், முச்சந்திகள். கணவனோடு சண்டை போட்ட மறுநாள் அவள் கோணலாக இழுத்த கோடுகூட அப்படியே இருந்தது. எதிரே நாற்காலியில் ஸ்டோர் கீப்பரின் மனைவி, காதில் மெஷினோடு.

"சத்தம் போடாம வாம்மா. மூணாவது சந்துல ஆள் நடமாட்டம் இருக்கு."

"அக்கா, அந்தக் கண்ணாடியக் கழட்டணும்."

"கழட்டினா அவங்கல்லாம் எங்க போவாங்க?"

"கழட்டலைன்னா உங்க காது மெஷின் கெட்டுப்போனா மாத்த சிப் இருக்காதுக்கா. செய்ய வேற இடமும் இல்ல."

அந்த அம்மாள் யோசித்தாள். பிறகு மெஷினை மெல்லக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரி, ஏறு. அவங்க கத்துறது எனக்குக் கேக்க வேணாம்."

ஸ்டூலில் ஏறி முதல் ஆணியைத் தளர்த்தினாள். தளர்த்தியவள் திரும்பிப் பார்த்தாள். சுவரில், மூன்றாவது சந்தில், கோணல் கோடு முடிகிற இடத்தில், பையோடு போய்க்கொண்டிருந்த ஒருத்தி நின்று, வெயில் வரும் பக்கம் நிமிர்ந்து, கண்ணுக்கு மேல் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.