அடிவாரத்து மைக்

என்.எஸ்.எஸ்.ஸில் சேர்ந்த பிறகு நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது பேனரைச் சுருக்கம் விழாமல் பிடிப்பது ஒன்றுதான். வடமதுரையில் மரக்கன்று நட்டோம். குழி தோண்டிய நேரத்தைவிடப் போட்டோ எடுத்த நேரம் அதிகம். அதனால் தைப்பூசத்துக்குப் பழனி அடிவாரத்தில், காணாமல் போனவர்களை அறிவிக்கும் பந்தலில் என்னை உட்காரவைத்து, "நான்சி, மைக் புடிச்சாத்தான் கம்யூனிகேஷன் ஸ்கில் வளரும்" என்று சார் சொன்னபோது, பேனரையே பிடிக்கிறேன் சார் என்று கெஞ்சினேன். நன்றியுரை சொல்லவே நாக்கு ஒட்டிக்கொள்ளும் ஆள் நான்.

மதிய வெயிலில் பொம்மையன் என்று ஒருவர் ஓடி வந்தார். ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயி. மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் இன்னும் காயவில்லை.

"ஏனுங்க, என்ற புள்ளையக் காணோமுங்க. நான் முடி எறக்கி எந்திரிச்சுப் பாக்குறேன், பக்கத்துல நின்னவ இல்லீங்க."

நான்கு வயது, பெயர் தமிழ்நிலா. போனில் படம் காட்டினார். இரட்டைச் சடை, கனகாம்பரம், பச்சைப் பாவாடை. அதை அப்படியே மைக்கில் சொன்னேன். கம்பத்து ஒலிபெருக்கியில் என் குரல் வேறு யாரோ பேசுவதுபோல் கேட்டது. என் சீனியர் செழியன் படத்தை எங்கள் என்.எஸ்.எஸ். வாட்ஸப் குரூப்பில் போட்டுப் பார்த்தான். அத்தனை கூட்டத்தில் டவர் எங்கே கிடைக்கும்? படம் போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

சடை போட்ட பச்சைப் பாவாடைகளாக வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றையும் பார்த்துப் பொம்மையன் தலையை ஆட்டினார். பேருந்து நிலையம் கூப்பிடு தூரம். எந்தெந்த ஊருக்கோ பஸ் போகிறது. யாராவது தூக்கிக்கொண்டு ஒன்றில் ஏறிவிட்டால்? அறிவிப்பை இன்னொரு தடவை சொன்னேன்.

"கத்தி பட்டதுமே பாவம் அப்படி அழுதுச்சுங்க" என்று அவர் தனக்குத்தானே முணுமுணுத்தார்.

"யாரு அழுதது?"

"பாப்பாதானுங்க. ரெண்டு பேருக்கும் வேண்டுதலுங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவளுக்கும் மொட்டையா? அத மொதல்லயே சொல்லக் கூடாதாண்ணே? இம்புட்டு நேரமாச் சடையத் தேடச் சொல்லிட்டிருக்கேன்!"

"கண்ணுக்குள்ள சடையோடதானுங்க நிக்குறா" என்றார். அதற்கு மேல் அவரை என்ன திட்டுவது?

ஆனால் முருகனுக்கென்று பச்சை உடுத்தி, சந்தனம் பூசிய மொட்டைப் பிள்ளைகள் அடிவாரம் முழுக்க இருந்தார்கள். அடையாளம் சொல்லிப் பயனில்லை. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். பிறகு என்ன தோன்றியதோ, சத்தமாகவே சொன்னேன்:

"எல்லாரும் செத்த நேரம் அப்படியே நில்லுங்க. உங்க பிள்ளை கைய நீங்க புடிச்சுக்கோங்க. புடிச்சாச்சா? இப்பச் சுத்திப் பாருங்க. யாரும் கை புடிக்காம ஒரு மொட்டைப் பாப்பா நின்னா, பந்தலுக்குக் கூட்டிட்டு வாங்க."

சோளக்கதிர் விற்கும் பெருமாயிதான் அவளை இடுப்பில் தூக்கி வந்தார். பொம்மையன் பாய்ந்து கையை நீட்டினார். குழந்தை வீல் என்று அலறிப் பெருமாயியின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"இது எங்கப்பா இல்ல! எங்கப்பாவுக்கு மீசை இருக்கும்!"

மீசையையும் சேர்த்து எடுத்திருந்தார் மனிதர். மழிக்கும் இடத்தில் அவளுடைய அப்பா குனிந்து உட்கார்ந்தார். எழுந்தது வேறு ஆள். அவள் தொலையவே இல்லை, அப்பாவைத் தேடித்தான் போயிருக்கிறாள்.

கூட்டத்துக்கு அதெல்லாம் தெரியுமா? "புள்ள புடிக்கிறவன் போல இருக்குய்யா" என்று ஒரு குரல். "போட்டோ யாரு வேணா எடுக்கலாம்ல" என்று இன்னொன்று. ஒருவன் அவர் தோளில் கிடந்த துண்டை முறுக்கிப் பிடித்துவிட்டான். பொம்மையனின் மனைவி கைக்குழந்தையோடு ஊரில் இருந்தார்; அவருக்குச் செழியன் மறுபடி மறுபடி போன் போட்டான். போகவில்லை. பொம்மையன் யாரையும் எதிர்க்கவில்லை, மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் அடி விழுந்துவிட்டால் கூட்டம் என் கையில் இருக்காது என்று எனக்குத் தெரிந்தது.

மைக்கை அவரிடம் நீட்டினேன்.

"ஏய் நான்சி, வெளியாளுங்ககிட்ட மைக்கக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று செழியன் தடுத்தான்.

"அண்ணே, அவளப் பாக்காதீங்க. அந்தப் பக்கம் திரும்பி நின்னு, வீட்ல எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படிக் கூப்பிடுங்க."

அவர் திரும்பிக்கொண்டார். முதலில் மூச்சுதான் கேட்டது. பிறகு அடிவாரம் முழுக்கக் கேட்டது: "கத்திரிக்கா... என்ற குட்டிக் கத்திரிக்கா... காலு வலிக்குதா சாமி? அப்பா தூக்கிக்கட்டுமா?"

அழுகை சட்டென்று நின்றது. குழந்தை பெருமாயியின் தோளிலிருந்து முகத்தை எடுத்து, கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தது.

"அப்பா!" என்று அதைப் பார்த்துக் கத்தியது. "இங்க ஒரு மொட்டக்காரன் என்னயப் புடிக்க வர்றான். வெரசா வாங்கப்பா!"

துண்டைப் பிடித்திருந்தவன் கையை விட்டான். பொம்மையன் மகள் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் மறுபடி அழுவாளோ என்று பயந்து, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வந்துட்டேன் சாமி, வந்துட்டேன்" என்று கூட்டத்தைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தார்.