சனிக்கிழமைப் போர்வை

...கட்டப்போகிற வீட்டின் அடுக்களை ஜன்னல் மேற்கே பார்த்துத்தான் இருக்க வேண்டும், பாத்திரம் துலக்கும்போது சூரியன் இறங்குவது தெரிய வேண்டும், அதற்காகத்தானே இன்றைக்கு வந்தது, திங்கட்கிழமை நிலப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் சூரியனைத் தள்ளிப் போகச் சொல்ல முடியுமா என்று யோசித்தபடியே மார்லிஸ் குதிரைமசால் தீவன வயலின் மேட்டில் ஏறினாள். கணவன் டெல்மருக்கு வர மனமே இல்லை. "செவ்வாய்க்கெழம செவ்வாய்க்கெழம வந்து பாத்தாச்சே மார்லி, சனிக்கெழம வந்தா மட்டும் நெலத்துக்குக் கொம்பு மொளச்சிருக்குமா?" என்று காலையிலிருந்து ஒரே முனகல், மூட்டு வலி என்றுதான் நினைத்தாள், பாவம். வந்து இறங்கியதும் ஐஸ் டீ வாங்கி வருகிறேன் என்று பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு போனவன் போனவன்தான். எப்படியோ, தேடி அலைந்த அலைச்சலுக்கு ஒரு முடிவு வந்தது. பன்றிப் பண்ணை நாற்றமில்லாத நிலம் அயோவாவில் கிடைப்பதென்றால் குதிரைக்கொம்பு, கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கிறது, ஒரு கோழிக்கூடு போடலாம், எல்லாவற்றுக்கும் மேலாக நிசப்தம், சாகும்வரை நிசப்தம், அவள் கேட்டது அது ஒன்றுதான். வீட்டை மட்டும் மேட்டுக்கு இந்தப் பக்கம் பள்ளத்தில்தான் கட்டுவேன் என்று டெல்மர் ஒற்றைக்காலில் நின்று முளைக்குச்சி அடித்திருக்கிறான். மேட்டு மேலே கட்டினால் என்னவாம்? அதைத்தான் நேரில் பார்த்துவிடலாமென்று ஏறுகிறாள்...

உச்சியை நெருங்கும்போது ஓர் உறுமல். இடியா? வானம் சுத்தமாக இருக்கிறதே. அறுவடை இயந்திரமோ, இப்போது ஏது அறுவடை, மனம் இப்படி ஏதேதோ சொல்லிப் பார்த்தது, ஆனால் அந்தச் சத்தம் எது என்று அவளுக்குத் தெரியும், மிச்ச மேட்டையும் விடுவிடுவென்று ஏறினாள். மேட்டின் உச்சியில் நின்று பார்த்தாள். அந்தப் பக்கச் சரிவின் அடியில், கைக்கெட்டும் தூரம் மாதிரி, வட்டமாகக் களிமண் பாதை, தண்ணீர் லாரி ஒன்று மண்ணை நனைத்துக்கொண்டு போகிறது, சிறகு வைத்த பந்தயக் கார்களைப் பின்னாலிருந்து தள்ளிக் கிளப்புகிறார்கள், அவற்றுக்கு ஊற்றும் எரிசாராயத்தின் வாசனைகூட வருகிறது. கடவுளே. இவ்வளவு பக்கத்திலா? நிலக்காரன் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, டெல்மருக்கும் தெரியாதா, தெரிந்தால் துடித்துப் போவானே என்றுதான் முதலில் நினைத்தாள், அவனுக்காகப் பரிதாபப்பட்டாள், அந்தப் பரிதாபமும் ஒரு கணம்தான். ஏனென்றால் அடுத்த கணம் கண் பார்வையாளர் படிக்கட்டுக்குப் போயிற்று. இருக்கை பிடிக்க மத்தியானமே வந்து போர்வை விரித்துவிட்டுப் போவது இந்த ஊர்களின் வழக்கம், பலகை தெரியாமல் போர்வைகள், அவற்றின் நடுவே மூன்றாவது திருப்பத்தைப் பார்த்தாற்போல் ஒரு பழுப்புக் கம்பளி. தங்கள் பழைய கம்பளியைப் போலத்தான் இருக்கிறது, உலகத்தில் பழுப்புக் கம்பளிக்கா பஞ்சம்... ஆனால் கால்கள் இறங்கத் தொடங்கிவிட்டன.

மூலை கருகியிருந்தது. தொட்டுப் பார்த்தாள், அதேதான். அந்த மூலை கருகிய அன்றைக்கும் மூன்றாவது திருப்பம்தான், டெல்மர் ஓட்டிய பந்தயக் கார் மூன்று நான்கு தடவை உருண்டு நின்றது, அவன் வெளியே வந்து தன் தோளையும் மார்பையும் அறைந்துகொண்டு குதித்தான், குளவி கொட்டுகிறது போலிருக்கிறது என்று யாரோ சிரித்தார்கள், எரிசாராயம் எரிந்தால் பகலில் தீ தெரியாது, அவளுக்கு மட்டும் தெரிந்தது, இந்தக் கம்பளியைத் தூக்கிக்கொண்டு வேலி தாண்டி ஓடி அவன் மேல் விழுந்து அமுக்கினாள். ஆஸ்பத்திரியில் சொன்னாள், "இனிமே அந்தச் சத்தம் என் காதுல விழக்கூடாது, டெல்." அவன் சரி என்றான், அவ்வளவுதான், ஒரு பேச்சு மறுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் மீன் பிடிக்கப் போனான். வெறுங்கையோடு வருவான், "மீன் கடிக்கல" என்பான், "மீனுக்கே உன்னப் பாத்தா பாவமா இருக்குபோல" என்று அவளும் கேலி செய்வாள், சட்டையில் சேறு, ஏரிக்கரைச் சேறு என்றுதான் துவைத்தாள். இவ்வளவு வருஷமா? துவைத்த கைக்குக்கூடவா தெரியவில்லை? கண்ணுக்குத் தெரியாத தீயையே கண்டுபிடித்தவள், இதை எப்படிக் கோட்டை விட்டாள்?

"ஐயோ, அங்க உக்காராதீங்க. அது டெல்மரோட எடம்." படி கூட்டிக்கொண்டிருந்த பெண், சோளப்பொரிக் கடைக்காரி, சட்டையில் ஜோலீன் என்று தைத்திருந்தது. "விரிச்ச போர்வைய இங்க யாரும் தொடமாட்டோம், கோவிச்சுக்காதீங்க."

"ரெண்டு பேருக்குல்ல விரிச்சிருக்கு?"

"பக்கத்துல அவரு சம்சாரம் எடம். அந்தம்மா தவறிப்போய் ரொம்ப நாளாச்சு, பாவம். கூட்டம் எவ்வளவு நெரிஞ்சாலும் அந்தப் பாதியில ஒருத்தரையும் ஒக்கார விடமாட்டாரு. போன வாரம் மேயரையே எழுப்பி விட்டுட்டாருன்னா பாத்துக்கோங்க."

மார்லிஸ் கம்பளியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "தவறிட்டாங்கன்னு... அவரு சொன்னாரா?"

ஜோலீன் துடைப்பத்தை ஊன்றி யோசித்தாள். "சொன்னாரான்னா... வாயத் தொறந்து சொன்ன ஞாபகம் இல்ல. நாங்களா நெனச்சுக்கிட்டோம். அவரும் இல்லன்னு சொல்லல."

இல்லையென்று சொல்லவில்லை, உயிரோடு பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, குறட்டை விடாதே என்று தினமும் உதைத்துக்கொண்டு இருப்பவளைப் பற்றி ஒரு வார்த்தை... பாவி மனுஷா, என்னைப் புதைத்துவிட்டாயே என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் கம்பளியின் ஒரு பாதி நைந்து நூல் தெரிகிறது, மறுபாதி வாங்கிய அன்று போலத் தடிப்பாக இருக்கிறது, அந்தப் பாதியை ஒவ்வொரு சனிக்கிழமையும் தூசி தட்டி விரித்திருக்கிறான், செத்தவளுக்கு யாராவது இடம் பிடிப்பார்களா? அப்போதுதான் பள்ளத்து முளைக்குச்சி நினைவுக்கு வந்தது. மேட்டில் ஏறும்வரை ஒரு சத்தமும் கேட்கவில்லையே. மேட்டுக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள், நடுவே ஒரு குன்று, அவன் சொன்ன வாக்கையும் காப்பாற்றி, தன் சனிக்கிழமையையும் காப்பாற்றி... இதற்குக் கோபப்படுவதா, இல்லை இதைவிடப் பெரிய வேறு எதற்காவது கோபப்பட வேண்டுமா? எப்போது கடைசியாக, சனிக்கிழமை என்ன செய்யலாம் என்று அவனைக் கேட்டாள்?

கீழே வாசல் கடையிலிருந்து இரண்டு காகித டம்ளரில் ஐஸ் டீயோடு டெல்மர் வந்துகொண்டிருந்தான், இன்னும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜோலீன் அவனைப் பார்த்துக் கையசைத்துவிட்டு இவள் பக்கம் திரும்பினாள். "ஏன் கேக்குறீங்க? அவர உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்லத்தான் மார்லிஸ் வாயைத் திறந்தாள், ஆனால் நிஜமாகவே தெரியுமா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.