புளி போட்டுத் தேய்த்த பெயர்

சத்யபாமா பஞ்சைக் கரைசலில் நனைத்து, கார்னெட் ஊதுகுழலின் விரிந்த புனலில் மெல்லத் தடவினாள். செல்போன் பழுது பார்க்கும் கடையில் கெஞ்சி வாங்கிய பெர்ரிக் குளோரைடு. பித்தளை கறுத்தது. துடைத்தாள். ஒன்றுமில்லை. மறுபடி நனைத்தாள். மின்சாரம் இல்லாததால் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கீழே பசுந்தாங் சந்தையின் இரைச்சல். மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் பட்டியலில் தம்பி கணேஷ்குமாரின் பெயர் வந்துவிட்டது. நாளை மறுநாள் போய் நிற்க வேண்டும். எல்லை தாண்டிக் கூட்டிப் போகிறவன் பணத்துக்கு இன்று மாலை வரைதான் பொறுப்பான். விற்பதற்கு வீட்டில் இருந்தது இது ஒன்றுதான். ரயில்வே பேண்டில் ஊதிய கொள்ளுத்தாத்தா வீரப்பன் விட்டுப்போனது. அவருக்குப் பிறகு ஊத ஆளில்லாமல் சாமி மாடத்தில் ஏறியது. மாடத்தில் ஏறியதை அம்மா சும்மா விடுவாளா? வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கோடு சேர்த்து இதையும் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தாள். முப்பது வருஷம்.

நேற்று, பழம்பொருள் வாங்கி விற்கும் பர்கத்துல்லா பாய் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பேரு எங்கம்மா? பழைய போட்டோவுல இருந்துச்சே."

"என்ன பேரு?"

"செஞ்சவரு பேரு. பாரிஸ்ல மொர்வான்னு ஒருத்தரு. மூணு பிஸ்டனையும் தன் கையால கடைஞ்சு முடிச்சுட்டு, கடைசியா பேரு வெட்டின அச்சை வச்சு சுத்தியலால ஒரே அடி. அந்தப் பேரு இருந்தாத்தான் எங்கிட்ட வாங்குற சிங்கப்பூர்க்காரரு எடுப்பாரு. இல்லேன்னா வெறும் பித்தளைதாம்மா. நாளைக்கு நாலு மணிக்கு வர்றேன், பாத்து வைங்க."

ஒரே அடி. இரவெல்லாம் அவளுக்கு அதுவே ஓடிக்கொண்டிருந்தது. அடித்தவனின் பலம் எழுத்தோடு நின்றிருக்காது. அடியில் இருக்கும் உலோகமும் நசுங்கியிருக்கும். மேலே தேய்ந்து போனாலும், நசுங்கிய இடத்தை அமிலம் வேறு மாதிரி அரிக்கும். கல்லூரியில் ஒரே ஒரு முறை படித்தது.

"பட்டாளத்துலயும் பேண்டு இருக்குமாமே அக்கா. இதையே தூக்கிட்டுப் போயிடறேன்" என்றான் கணேஷ்குமார். எழுத்து தெரிந்ததும் படம் எடுக்கச் செல்போனை நீட்டிப் பிடித்திருந்தான்.

"வாயைக் கழுவுடா" என்ற அம்மா, புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். பிறகு யாருக்கோ சொல்வதுபோல, "அந்த லிஸ்ட என் கையில குடுத்திருந்தா அதையும் தேய்ச்சிருப்பேன்டி" என்றாள்.

பத்தாவது முறை தடவியபோது ஏதோ மங்கலாக அசைந்தது. ஓர் 'எம்'. ஈரம் காய்வதற்குள் மறைந்தது.

"எடுத்தியா?"

"ஆடிடுச்சுக்கா."

இன்னொரு முறை. தகடு மெலிந்து கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். விரலை உள்பக்கம் கொடுத்துத் தாங்கினாள். 'எம்' வந்தது. 'ஓ' வந்தது. 'ஆர்' வரப் பார்த்துத் தயங்கியது. மரப்படிகளில் செருப்புச் சத்தம் ஏறியது. பாய்க்கு இன்னும் நேரமிருந்தது. பட்டியலில் உள்ளவர்களைத் தேடி வரும் வட்டார ஆபீஸ் ஆட்களும் இப்படித்தான் படியேறுவார்கள்.

"துடைக்காதக்கா, அப்படியே வை."

அவள் துடைக்கவில்லை. எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. கரைசலின் சில்லிப்பு உள்ளே தாங்கியிருந்த விரலைத் தொட்டது. விரலை எடுத்தாள். 'ஓ'வின் நடுவில், ஊசி முனையளவுக்கு, ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது.