சிவப்பு அம்பு

சனிக்கிழமை மத்தியானம் வேலை விட்டு வந்ததும், தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் குளியலறைக்குள் போய்ப் பார்த்தேன். நான் ஒட்டிவிட்டுப் போன பதினோரு அம்புகளில் ஐந்துதான் காணாமல் போயிருந்தன. மீதி ஆறும் ஒட்டின இடத்திலேயே இருந்தன.

"முடிச்சாச்சு, செக்கிங் மேடம். இப்ப வந்து ஒரு குறை சொல்லு, பாப்போம்" என்றார் அவர், கூடத்தில் உட்கார்ந்தபடி.

அம்பு என்றால் நகக்கண் அளவுக்கு ஒரு சிவப்பு ஸ்டிக்கர். சட்டை தைக்கும் கம்பெனியில் பதினான்கு வருடமாகச் செக்கிங் மேசையில் நிற்கிறவள் நான். தையல் விட்ட இடம், பித்தான் ஆடுகிற இடம் என்று எங்கே குறை தெரிந்தாலும் அங்கே அம்பு முனை தொடுகிற மாதிரி ஒட்டி, தைத்தவளிடமே திருப்பி அனுப்புவோம். அவள் சரி பண்ணிவிட்டு அம்பைப் பிய்த்துப் போடுவாள். சட்டை அம்போடு திரும்பி வந்தால் அது திமிர். சிவப்பு அம்பு கண்ணில் படவில்லை என்று யாராவது சொன்னால் எங்கள் மேசையில் சிரிப்போம்.

அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். எங்கள் குளியலறை கசிந்து கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் படர்ந்துவிட்டது. வந்து பார்த்த கொத்தனார் நாலு தட்டுத் தட்டி, உச்சுக்கொட்டி, நாளைக்கு வருகிறேன் என்று போனவர்தான். "இவன் என்ன வர்றது, நானே ஒட்டுறேன்" என்று அவர் கிளம்பியபோது தலையில் அடித்துக்கொண்டேன். பள்ளிக்கூட விடுமுறை, வண்டிக்கு வேலை இல்லை. கைபேசியில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பழைய டைல்ஸை உளி வைத்துப் பெயர்த்தார். ரசமட்டம் ஒன்று வாங்கி வந்து, சாப்பாட்டு மேசை, கட்டில், ஜன்னல் கட்டை என்று வீட்டில் ஒன்று விடாமல் வைத்துப் பார்த்து, எதுவும் நேராக இல்லை என்று கண்டுபிடித்தார். "உங்களக் கட்டிக்கிட்டப்பவே எனக்குத் தெரியும்" என்றேன்.

ஆனால் சுவரில் டைல்ஸ் ஒட்டி முடித்த அன்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் எனக்கு ஒரு குறை அகப்படவில்லை. வரிக்கு வரி நூல் பிடித்த மாதிரி இருந்தது. வாயைத் திறந்து நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலைக்கு மேலே ஏறிவிடுவார் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் சாயங்காலம் நான் வரும்போது அவர் கூடத்தில் வெறும் தரையில் படுத்திருந்தார். பாதித் தலை பிளக்கிறது, இரண்டு தடவை வாந்தி எடுத்தேன் என்றார். "சிமெண்ட் தூசி. வேற ஒண்ணுமில்ல." மறுநாள் எழுந்து மாத்திரை போட்டுக்கொண்டு, டைல்ஸ் இடுக்குகளில் வெள்ளை சிமெண்ட் அடைக்க ஆரம்பித்துவிட்டார். நானும் தூசிதான் என்று நம்பி வேலைக்குப் போனேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அடைத்த இடங்களில் அங்கங்கே விட்டுப்போயிருந்தது. சண்டை எதற்கு, விளையாட்டாகவே சொல்லுவோம் என்று கம்பெனியிலிருந்து அம்பு ஸ்டிக்கரைக் கொண்டுவந்து வெள்ளிக்கிழமை பதினோரு இடத்தில் ஒட்டினேன். "என் வீட்டுலயே எனக்கு ரிஜெக்ஷனா?" என்று சிரித்தார். நாளைக்கு ஒன்றுகூட இருக்காது என்றார்.

அந்த ஆறு அம்புகளையும் எண்ணிக்கொண்டு நின்றபோது முதலில் கோபம்தான் வந்தது. பிறகுதான் அவை இருந்த இடத்தைக் கவனித்தேன். குழாய்ச் சுவரைப் பார்த்து நின்றேன். இரண்டு அம்பும் இடது ஓரத்தில். ஜன்னல் சுவர் பக்கம் திரும்பினேன். அங்கேயும் இடது ஓரம். மூன்றாவது சுவரிலும் அப்படியே. மூலையில் இரண்டு சுவர் சேருகிற இடத்தில், ஒரு பக்கம் மெழுகின மாதிரி நிறைந்திருந்தது. ஒரு சாண் தள்ளி மறு சுவரின் இடுக்குகள் திறந்து கிடந்தன. ஒரே சுவர் என்றால் சோம்பல் என்று விட்டிருப்பேன்.

"இங்க கொஞ்சம் வாங்களேன்."

வந்தார். உள்ளே நுழையும்போது இடது தோள் நிலையில் இடித்தது. நாலு நாளாக இடித்துக்கொண்டேதான் இருந்தார், நான்தான் நிலையைக் குறுக்கி வைத்துவிட்ட மாதிரி முறைத்தபடி.

"அந்த அம்ப எல்லாம் ஏன் பிய்க்கல?"

சுவரைப் பார்த்தார். நிதானமாக மேலிருந்து கீழே பார்த்தார். "எந்த அம்பு? எல்லாத்தையும் பிச்சாச்சே" என்றார். முகத்தில் திமிரும் இல்லை, விளையாட்டும் இல்லை. பாராட்டு எதிர்பார்க்கிற முகம்.

தட்டில் ஒரு பக்கம் மட்டும் மிச்சம் வைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டது, சவரம் பண்ணியும் இடது தாடையில் ஒரு பட்டை முடி நின்றது, வியாழக்கிழமை வண்டியைக் கழுவ ஓட்டிப்போய்விட்டு இடப்பக்கம் நீளமாகக் கீறலோடு வந்தது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. நிறுத்தியிருந்தபோது எவனோ உரசிவிட்டான் என்று அவனைத் திட்டித் தீர்த்திருந்தார். அந்த வேனில் கதவு இடப்பக்கம். பிள்ளைகள் நிற்பதும் ஏறுவதும் இறங்குவதும் இடப்பக்கம்.

மொட்டை மாடிக்குப் போய்க் கம்பெனி நர்ஸுக்கு ஃபோன் பண்ணினேன். பாதிதான் சொன்னேன், அதற்குள் அவள் குரல் மாறிவிட்டது. "கண்ணுல ஒண்ணும் இருக்காதுக்கா. மூளையில அடைப்பா இருக்கும். ஒரு பக்கம் தெரியலங்கிறதே அவருக்குத் தெரியாது. வண்டியத் தொட விடாதீங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். எதிர் வீட்டுச் சுவரில் இருந்த விளம்பரத்தை, ஒரு கண்ணைப் பொத்தி ஒரு தடவை, மறு கண்ணைப் பொத்தி ஒரு தடவை, பொடி எழுத்து வரைக்கும் படித்துக் காட்டினார்.

"டைல்ஸ் சந்துல நாலு இடம் விட்டுப்போச்சுன்னா எனக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா?"

"கண்ணு இல்லங்க. ஒரு தடவ காட்டிட்டு வந்துடலாம். எனக்காக."

"காட்டுனா என்ன சொல்லுவான்? வண்டி ஓட்டாதம்பான். திங்கக்கிழமை பள்ளிக்கூடம் தொறக்குது." கைபேசியைத் தேய்த்து வண்டியின் படத்தை என் முன்னால் நீட்டினார். "பத்தொன்பது வருஷம். ஒரு பிள்ளைக்கு ஒரு சிராய்ப்பு உண்டா, சொல்லு. வண்டிய விட்டுட்டு நான் வீட்டுல என்னவா இருக்கிறது?"

அழுது பார்த்தேன், கத்திப் பார்த்தேன். திங்கட்கிழமை சாயங்காலம் வண்டியை விட்டதும் வருகிறேன் என்பதற்குமேல் அவர் அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கீழ் வீட்டுக்காரி மகளைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தாள். கூரை காய்ந்துவிட்டதாம். குளியலறையை எட்டிப் பார்த்து, "அண்ணனுக்கு எப்படி ஒரு கை பாருங்கக்கா" என்றாள். ஆறு அம்பும் அங்கேயேதான் இருந்தன. அது ஏதோ அளவுக்கு ஒட்டியது என்று நினைத்திருப்பாள். குழந்தை புதுப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு வந்திருந்தது. அதன் உயரமே அந்தப் பை அளவுதான். "வேன் மாமா, நான்தான் ஃபர்ஸ்ட்டு ஏறுவேன்" என்றது. "அண்ணன் வண்டின்னா எனக்குக் கவலையே இல்லக்கா" என்றாள் அவள். சொல்லிவிட வாயெடுத்தேன். அவர் குழந்தையின் பை வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார், வலது வாரை மட்டும். சொல்லாமல் விட்டேன். கட்டினவனைக் காட்டிக் கொடுக்க நா எழவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது வெறும் சாக்கு. எனக்குத் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலையில் புதுக் குளியலறையில் முதல் ஆளாக அவர் குளித்தார். தண்ணீர் சத்தம் கேட்டதும் ஆணியிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தேன். அரிசி டப்பாவில் போடலாம், வெளியே எறிந்துவிடலாம், வெளியே பூட்டிக்கொண்டு ஓடிக் கீழ் வீட்டுக்காரியிடம் சொல்லிவிடலாம் என்று கூடத்துக்கும் சமையலறைக்குமாக அலைந்து ஒன்றும் செய்யாமல் நின்றேன். அதற்குள் அவர் தலை துவட்டி, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

ஆணியைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். "சாவியப் பாத்தியா?"

நான் அவருக்கு இடப்பக்கம், கை எட்டும் தூரத்தில் நின்றேன். என்ன தோன்றியதோ, சாவியை மூடியிருந்த கையை நீட்டி விரித்தேன். பார்த்துவிட்டால் கொடுத்துவிடுகிறேன் என்று மனதுக்குள் சொன்னேன். பாருங்க, ஒரு தடவை பாருங்க. இத்தனை வருடத்தில் குறை கண்ணில் படக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

"இங்கதான மாட்டினேன்." குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். நாற்காலியை நகர்த்தினார். கீழே தெருவிலிருந்து "வேன் மாமா" என்று குரல் வந்தது. "வந்துட்டேண்டா கண்ணு" என்று ஜன்னல் பக்கம் குரல் கொடுத்துவிட்டு என் பக்கமாகத் திரும்பினார். என் முகத்துக்கு நேராக நின்றார். என் வலது கை அப்படியே நீண்டிருந்தது. சாவியில் கோத்திருந்த பொம்மைச் செருப்பு, போன வருடம் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தது, விரலிடுக்கில் ஆடிக்கொண்டிருந்தது.

அவர் என்னையே உற்றுப் பார்த்தார்.

"எதுக்கு இப்ப அழுற? சாவிதான, எங்க போயிடப்போகுது" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் ஆணியைத் தடவிப் பார்க்கப் போனார்.