மூன்றாம் முடிச்சு

மாதம்மாளுக்கு ஜீப் ஆகாது. டீசல் புகை மூக்கில் ஏறினால் நாலு வளைவு தாண்டுவதற்குள் வாந்தி வந்துவிடும். பெரிய தம்பி கல்யாணத்துக்கு ஜீப்பில்தான் மலையிலிருந்து ஒடுகத்தூருக்கு இறங்கினாள். தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்துப் பின்னறையில் சுருண்டு கிடந்தாள். நாத்தனார் போடவேண்டிய மூன்றாம் முடிச்சை வேறு யாரோ போட்டார்கள். அதன்பிறகு எங்கே போவதானாலும் நடைதான். இரண்டு வருஷமாக முழங்கால் அதற்கும் விடவில்லை.

சின்னத் தம்பி சின்னராஜுக்கு ஒடுகத்தூர் மருந்துக்கடையில் வேலை. தன் கல்யாணம் நிச்சயமானதும் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய் ஜோசபினைப் பார்த்தான். அவள் பேட்டரி ஆட்டோ வாங்கி நாலு மாசம்தான் ஆகியிருந்தது. அக்காவைப் புகையில்லாத வண்டியில் அழைத்துவர முடியுமா என்று கேட்டான்.

பக்கத்தில் நின்ற அருணகிரி மலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். சமவெளியில் ஓடுகிற வண்டி அது, பாதி மலையில் நின்றுபோனால் தான்தான் கயிறு கட்டி இழுத்துவர வேண்டியிருக்கும் என்றார். அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம் என்பது ஜோசபினை உறுத்தியது. ஆனாலும் வருவதாகச் சின்னராஜிடம் சொன்னாள்.

கல்யாணத்தன்று விடிகிற நேரம். முழு சார்ஜோடு புறப்பட்டாள். ஏற்றம் தொடங்கியதும் வண்டித் திரையில் இருந்த சார்ஜ் எண் கடகடவென்று இறங்கியது. எண்பது. எழுபது. ஒன்பதாம் வளைவில் ஐம்பத்தைந்து. ஓரமாக நிறுத்தினாள். அங்கிருந்து திரும்பிவிட்டால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி ஏறி உட்கார்ந்து, வேகத்தை இன்னும் குறைத்து, மெல்ல மெல்ல ஏற்றினாள். மாதம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றபோது முப்பத்தொன்று இருந்தது.

மாதம்மாள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கலங்கிப்போய் நின்றிருந்தாள். வாந்திக்குப் பயந்து ராத்திரியிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சார்ஜ் போடலாமென்று பார்த்தால் கரண்ட் இல்லை.

ஜோசபின் மறைக்கவில்லை. "இறங்கும்போது தானா சார்ஜ் ஏறும்னு வண்டி வித்தவங்க சொன்னாங்கக்கா. நான் இன்னும் மலையில பார்த்ததில்ல."

"எறங்கித்தான் பாப்பமே," என்றாள் மாதம்மாள்.

முதல் நாலு வளைவு வரை கம்பியை இறுகப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். வண்டியில் சத்தமில்லை, புகையில்லை. ஓடைத் தண்ணீரின் சத்தம் கேட்டது. ஈர மண்ணின் வாசனை வந்தது. கண்ணைத் திறந்தாள். இத்தனை வருஷத்தில் இந்தச் சாலையை வண்டியில் உட்கார்ந்தபடி அவள் பார்த்ததே இல்லை.

ஜோசபினின் கண் திரையில் இருந்தது. முப்பத்திரண்டு. முப்பத்தைந்து. அடிவாரத்தில் நாற்பத்திரண்டு. தானாகவே சிரிப்பு வந்தது.

"இன்னாம்மா சிரிக்கிற?"

"ஏறிடுச்சுக்கா. நிஜமாவே ஏறிடுச்சு."

மாதம்மாள், வழியில் இட்லிக்கடை இருந்தால் நிறுத்தச் சொன்னாள். பசி வயிற்றைக் கிள்ளுகிறதாம். கடைவாசலில் நின்றே நாலு இட்லி சாப்பிட்டாள்.

மண்டபத்து வாசலில் இவர்களுக்காகவே காத்திருந்த சின்னராஜ், தலைப்பூ கசங்காமல் அக்கா தானே இறங்கி நடந்துவருவதைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். மேளம் உச்சத்துக்குப் போனபோது அவன் இரண்டு முடிச்சுப் போட்டான். மூன்றாவதை மாதம்மாள் போட்டாள், அழுத்தி.

பந்தியில் ஜோசபினைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டாள். எதிர் வரிசையில் இருந்த அருணகிரி சார்ஜ் எத்தனை மிச்சம் என்று கேட்டார். ஜோசபின் சொன்னாள். அவர் இலையிலிருந்து கையெடுத்து யோசித்தார்.

"இந்த மாதிரி வண்டி பெருசா வருதா? பத்து பேர் உக்கார்ற மாதிரி?"

சாயங்காலம் மண்டபத்து பிளக்கில் முழுசாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வண்டி மறுபடி மலையேறியது. பின்னால் மாதம்மாளும், ஜீப் வேண்டாமென்று சொல்லிவிட்ட மலைக்காரப் பெண்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். பாதி வழியில் மூவரும் பாடத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வார்த்தையும் ஜோசபினுக்குத் தெளிவாகக் கேட்டது.